ஏஐ டூல் வைத்து பாட்டு போடப் போறீங்களா? 'நல்லா இருக்கா' என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது என்ன?

2024 ஜனவரி கடைசியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடல் வெளியானது. பாடியவர்கள் பட்டியலில் இரண்டு பெயர்களைப் பார்த்துப் பலர் குழம்பிப் போனார்கள். ஒருவர் பம்பா பாக்யா. இன்னொருவர் சாகுல் ஹமீது. 'சிம்டாங்காரன்' பாடிய பம்பா பாக்யா 2022 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். 'ஊர்வசி ஊர்வசி' சாகுல் ஹமீது இறந்தது 1990-களின் கடைசியில்.

இருவரின் குரலையும் ஏஐ மூலம் மீண்டும் உருவாக்கியிருந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். பாராட்டும் வந்தது, திட்டும் வந்தது. அடுத்த சில நாட்களில் ரஹ்மான் எக்ஸ் தளத்தில் விளக்கம் கொடுத்தார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கியிருக்கிறோம், குரலுக்கு உரிய ஊதியமும் கொடுத்திருக்கிறோம், சரியாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பம் ஆபத்து இல்லை என்பதுதான் அதன் சாரம்.

ரஹ்மானிடம் ஸ்டூடியோ இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், பேசி முடிக்க ஆள் இருக்கிறது. சரி, இதெல்லாம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறையில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரகடத்தில் வேலை, வாரம் ஒரு ஷிஃப்ட். ரூமுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பீட் போடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. கையில் இருக்கும் போன்கூட சுங்குவார்சத்திரம் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரானதாக இருக்கலாம். ஆடி மாதம் ஊர்க் கோயிலுக்கு ஒரு பாட்டு, நண்பன் கல்யாண ரிசப்ஷனுக்கு ஒரு ரீமிக்ஸ், குறும்படத்துக்கு ஒரு பின்னணி இசை, எல்லாமே அந்தப் போனில்தான். இன்று அவர் முன்னால் டஜன் கணக்கில் ஏஐ டூல்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

யூடியூபில் தேடினால் 'டாப் 10 ஏஐ மியூசிக் டூல்ஸ்' என்று வரிசையாக வீடியோக்கள் வரும். எது சவுண்ட் நல்லா வருது, எது ஃப்ரீ, எது வேகம் என்று சொல்வார்கள். பாட்டு ஹிட் ஆன பிறகு 'இது யாருடையது?' என்று ஒருவர் கேட்டால் என்ன காட்டுவது என்பதை மட்டும் பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை.

எல்லா ஏஐ-யும் ஒன்று இல்லை

'ஏஐ மியூசிக்' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, உள்ளே மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. உங்கள் சத்தத்தைச் சுத்தம் செய்து கொடுப்பது ஒன்று. ஒருவர் குரலை இன்னொருவர் குரலாக மாற்றுவது இரண்டாவது. நீங்கள் ரெண்டு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டையே செய்து தருவது மூன்றாவது. ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போகப் போக, பாட்டில் உங்கள் பங்கு குறைகிறது, சிக்கல் கூடுகிறது.

முதல் வகையில் பயம் குறைவு. ஒரு பாட்டிலிருந்து குரல், டிரம்ஸ், பேஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரிப்பதை 'ஸ்டெம் பிரிப்பது' என்பார்கள். பிரான்ஸின் டீசர் நிறுவனம் 2019-ல் 'ஸ்ப்ளீட்டர்' என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. மெட்டா நிறுவனத்தின் 'டெமுக்ஸ்' அதேபோல ஓப்பன் சோர்ஸ். சொந்தக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால் இன்டர்நெட்கூட வேண்டாம். இப்போது எஃப்எல் ஸ்டூடியோ, லாஜிக் புரோ மாதிரியான மென்பொருள்களிலேயே இந்த வசதி வந்துவிட்டது. போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு பேண்ட்லேப் ஆப்பிலும் உண்டு.

இதன் பெருமையான உதாரணம் பீட்டில்ஸ். ஜான் லெனான் வீட்டில் பியானோவோடு கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்த பாட்டு ஒன்று. குரலும் பியானோவும் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியாமல் கிடந்தது. இயந்திரக் கற்றல் மூலம் குரலை மட்டும் தனியே எடுத்து, 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' என்று வெளியிட்டார்கள். 2025-ல் அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. அங்கே ஏஐ ஒரு வரிகூடப் பாடவில்லை. லெனான் பாடியதைத் துடைத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மாஸ்டரிங் எனப்படும் கடைசி மெருகேற்றலும் இந்த வகைதான். லேண்டர் போன்ற சேவைகள் 2014-லிருந்தே இதைச் செய்கின்றன. பீட் உங்களுடையது, ட்யூன் உங்களுடையது, மெருகு மட்டும் மெஷினுடையது. பாட்டு யாருடையது என்று யாரும் கேட்க முடியாது.

ஒரே ஒரு விஷயம். அடுத்தவர் பாட்டைப் பிரித்து எடுத்த குரல், பிரித்த பிறகும் அடுத்தவருடையதுதான். இளையராஜா பாட்டிலிருந்து குரலை உருவி உங்கள் பீட் மேல் வைத்து அப்லோட் செய்தால், டூல் இலவசம் என்பது பதிலாகாது.

குரல்தான் நெருப்பு

இரண்டாவது வகைக்கு வருவோம். குரல் மாற்றும் தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதலில் ஒருவர் உட்கார்ந்து பாட வேண்டும். மூச்சு, இழுப்பு, சங்கதி, உச்சரிப்பு எல்லாம் அவருடையது. அதன்மேல் இன்னொருவரின் குரல் நிறத்தை மெஷின் பூசுகிறது. அந்த நிறத்தைக் கற்றுக்கொள்ள, அந்த இன்னொருவர் பாடிய பழைய பதிவுகள் வேண்டும்.

ஆக, ஒரு குளோன் குரல் பாட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். உண்மையில் பாடியவர், குரலுக்குச் சொந்தக்காரர். முதலாமவர் பெயர் பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை. ட்ராக் பாடிவிட்டுப் போகும் பாடகர்களின் பழைய கதை, புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது.

தமிழ் சினிமாவில் 2024 முழுக்க இதுதான் பேச்சு. ஜூன் மாதம் 'கோட்' படத்தின் 'சின்ன சின்ன கண்கள்' பாடலில் விஜய்யோடு பவதாரிணியின் குரல் ஒலித்தது. அவர் அதே ஆண்டு ஜனவரி 25-ல் காலமானவர். இசையமைத்தது அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா. செப்டம்பரில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாடலில் 2011-ல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலைக் கொண்டுவந்தார் அனிருத். மகன் யுகேந்திரனும் அதே பாட்டில் பாடினார். இரண்டு பாட்டிலும் குடும்பமே கூட நின்றது. அதனால் பெரிய சண்டை எதுவும் எழவில்லை.

சண்டை எழுந்தது தெலுங்கு சினிமா பக்கம். 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை ஏஐ மூலம் பயன்படுத்தியிருந்தார்கள். தங்களிடம் அனுமதி கேட்கவில்லை என்று மகன் எஸ்.பி.சரண் தரப்பு 2024 தொடக்கத்தில் நோட்டீஸ் அனுப்பியது. மன்னிப்பு, நஷ்ட ஈடு, ராயல்டியில் பங்கு ஆகியவை கோரிக்கைகள். தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை, கேட்காமல் செய்ததுதான் பிரச்சினை என்பது அவர்கள் நிலைப்பாடு.

நான்கு பாட்டுக்கும் தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றில் சம்பந்தப்பட்ட குடும்பம் கூட இருந்தது, ஒன்றில் இல்லை. அந்த ஒன்றுதான் வக்கீல் நோட்டீஸ் வரை போனது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ல் பாடகருக்கு 'நிகழ்த்துநர் உரிமை' உண்டு. ஆயுள் 50 ஆண்டுகள். ஆனால் அது அவர் பாடிய அந்தப் பாட்டுக்கானது. அவர் பாடவே பாடாத ஒரு பாட்டை அவர் குரலில் மெஷின் பாடினால் என்ன என்று அந்தச் சட்டம் யோசித்திருக்கவில்லை.

அந்த ஓட்டையை நீதிமன்றங்கள் 'ஆளுமை உரிமை' மூலம் அடைக்கின்றன. பாடகர் அரிஜித் சிங் தொடர்ந்த வழக்கில், அவர் குரலை நகல் எடுக்கும் ஏஐ டூல்களுக்கு எதிராக 2024 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025-ல் ஆஷா போஸ்லேவுக்கும் அதே நீதிமன்றத்தில் பாதுகாப்பு கிடைத்தது. அரிஜித் வழக்கில் கவனிக்க வேண்டிய விஷயம், பாட்டுப் போட்டவர்களை மட்டும் இல்லாமல் டூலைக் கொடுத்தவர்களையும் நீதிமன்றம் கேள்வி கேட்டது. பிரபலங்களின் குரல்களை மெனு கார்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கும் ஒரு ஆப்பைப் பார்த்தால், அது நாளைக்கும் இருக்கும் என்று நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

இதெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு. இறந்தவர்கள் விஷயத்தில் கதை வேறு. ஜெயலலிதா வாழ்க்கைப் படமான 'தலைவி'க்கு எதிராக தீபா தொடர்ந்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு வருவதில்லை என்ற நிலைப்பாட்டை சென்னை உயர்நீதிமன்றம் 2021-ல் எடுத்தது. சுஷாந்த் சிங் ராஜ்புத் தந்தையின் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றமும் 2023-ல் அதே திசையில்தான் போனது. அவை படம் பற்றிய வழக்குகள், குரல் பற்றியவை இல்லை. ஆனாலும் 'அப்பா குரலுக்கு மகன் அனுமதி கொடுக்க முடியுமா?' என்ற கேள்விக்குச் சட்டத்தில் நேரான பதில் இல்லை என்பது இதில் தெரிகிறது.

அப்படிப் பார்த்தால், ரஹ்மான் இரண்டு குடும்பங்களுக்கும் பணம் கொடுத்தது சட்டம் வற்புறுத்தி நடந்தது என்று சொல்ல முடியாது. அது ஒரு வழக்கமாக மாற வேண்டும் என்பதற்காகவாவது அது பெரிய விஷயம். அதே நேரத்தில், பம்பா பாக்யாவிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது என்பதும் உண்மைதான். குடும்பம் சொன்ன 'சரி' அவர் சொன்ன 'சரி' ஆகிவிடுமா? இந்தக் கேள்விக்கு மட்டும் ரஹ்மானின் விளக்கத்திலும் பதில் இல்லை.

மண்ணூர் அறைக்குத் திரும்புவோம். எஸ்.பி.பி குரலில் ஒரு பாட்டு போட்டால் வியூஸ் அள்ளும் என்பது அவருக்குத் தெரியும். மோடி குரலில் தமிழ்ப் பாட்டு பாடிய ரீல்ஸ்கள் 2023-ல் எப்படி ஓடின என்று எல்லோரும் பார்த்தோம். ஆனால் ஜாலிக்குப் போட்டதும் காசுக்குப் போட்டதும் வேறு வேறு. அடுத்தவர் குரலை வைத்து வெளியிடும் பாட்டை ஸ்பாட்டிஃபை இப்போது புகாரின் பேரில் நீக்குகிறது. நிஜம் போலத் தோன்றும் ஏஐ உள்ளடக்கத்தை அறிவித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று யூடியூப் 2024-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. சொந்தக் குரலையோ, எழுத்தில் சம்மதம் கொடுத்த நண்பர் குரலையோ மாற்றிப் பயன்படுத்துவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கி வைத்தால்கூடப் போதும், எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

முழுப் பாட்டையும் செய்து தரும் டூல்கள்

சூனோ, யூடியோ. இந்த இரண்டு பெயர்களும் தெரியாத இசை ஆர்வலர் இப்போது குறைவு. 'தமிழ் குத்து, பறை, பெண் குரல்' என்று தட்டினால் ஒரு நிமிடத்துக்குள் பாட்டு ரெடி. சூனோவின் இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 50 கிரெடிட், அதாவது பத்துப் பாட்டு வரை. கேட்கவே மலைப்பாக இருக்கும்.

ஆனால் இலவசக் கணக்கில் செய்த பாட்டை வைத்துச் சம்பாதிக்க சூனோவின் விதிகள் அனுமதிப்பதில்லை. மாதச் சந்தா கட்டினால்தான் வணிக உரிமை. அதைவிட முக்கியம், இலவசமாகச் செய்த பாட்டு ஹிட் ஆன பிறகு ஓடிப்போய் சந்தா கட்டினாலும், பழைய பாட்டுக்கு அந்த உரிமை தானாக வந்துவிடாது. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். குறும்படத்துக்குப் பின்னணி இசை போட்டு, அந்தப் படம் ஓடிடிக்குப் போகும்போது தயாரிப்பாளர் பேப்பர் கேட்டால், இலவசக் கணக்கின் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி ஒன்றும் ஆகாது.

அடுத்த சிக்கல், இந்த டூல்கள் எதைக் கேட்டு வளர்ந்தன என்பது. யூனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று பெரிய இசை நிறுவனங்களும் 2024 ஜூனில் சூனோ, யூடியோ இரண்டின் மீதும் அமெரிக்காவில் வழக்கு போட்டன. எங்கள் பாட்டுகளைக் கேட்காமலே அள்ளி மெஷினுக்குப் பாடம் நடத்திவிட்டார்கள் என்பது புகார். 2025 அக்டோபர் கடைசியில் யூடியோவும் யூனிவர்சலும் சமாதானம் ஆயின. நவம்பரில் வார்னரும் இரண்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது.

பெரியவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள், நல்லதுதானே என்று தோன்றும். யூடியோ பயனாளர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். யூனிவர்சலுடன் ஒப்பந்தம் ஆன கையோடு டவுன்லோட் வசதி நிறுத்தப்பட்டது. நீங்கள் செய்த பாட்டை அந்தத் தளத்துக்குள்ளேயே கேட்கலாம், வெளியே எடுக்க முடியாது. கூச்சல் கிளம்பியதும், பழைய பாட்டுகளை எடுத்துக்கொள்ள 48 மணி நேரம் மட்டும் கதவைத் திறந்துவிட்டார்கள். பணம் கட்டியவர்களுக்கும் இதே நிலைதான். சூனோவும் வார்னர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, இனி இலவசக் கணக்கில் டவுன்லோட் இருக்காது என்று அறிவித்தது.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, உலகத்துக்கே போன் அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது வரிப் பிரச்சினையால் இந்த ஆலை அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. எங்கேயோ இரண்டு கம்பெனிகள் மேஜையில் உட்கார்ந்து பேசியதன் விளைவு இங்கே ஷிஃப்ட் பேருந்து நின்றதில் தெரிந்தது. வேலை போவதும் ஒரு பாட்டு டவுன்லோட் ஆகாமல் போவதும் ஒன்றில்லைதான். ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றே.

இந்த விஷயத்தில் சில டூல்கள் வேறு வழியில் போகின்றன. ஸ்டேபிள் ஆடியோ, ஆடியோஸ்பார்க்ஸ் என்ற இசை நூலகத்தோடு உரிமம் போட்டுக்கொண்டு பயிற்சி கொடுக்கப்பட்டது. அதன் ஓப்பன் பதிப்பை 2024-ல் வெளியிட்டார்கள். அதில் முழுப் பாட்டு வராது. டிரம் லூப், சின்னச் சின்ன சத்தங்கள் மாதிரியான உதிரிகள் கிடைக்கும். லெவன்லேப்ஸ் நிறுவனம் 2025 ஆகஸ்டில் இசை டூலைக் கொண்டுவந்தபோது, மெர்லின், கோபால்ட் ஆகியவற்றோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருந்தது. அனுமதி வாங்கிப் பயிற்சி கொடுத்த டூல்களுக்குச் சான்று தரும் 'ஃபேர்லி டிரெய்ன்ட்' என்ற அமைப்பும் 2024-லிருந்து இருக்கிறது. அதைத் தொடங்கிய எட் நியூட்டன்-ரெக்ஸ், ஸ்டேபிள் ஆடியோவைச் செய்த ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்திலேயே வேலை பார்த்து, பயிற்சி விஷயத்தில் கருத்து வேறுபாடு வந்து 2023-ல் வெளியேறியவர். இந்த டூல்களின் சவுண்ட் சூனோ அளவுக்கு இருக்கிறதா என்று கேட்டால், முழுப் பாட்டு விஷயத்தில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். டூலைத் தேர்ந்தெடுப்பது கஷ்டமாவதே இந்த இடத்தில்தான்.

மெஷின் செய்த பாட்டுக்கு யார் சொந்தக்காரர்?

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் ஒரு அறிக்கை வெளியிட்டது. வெறும் ப்ராம்ப்ட் தட்டியதற்காக மட்டும் பதிப்புரிமை கிடையாது, மனிதர் தன் கையால் செய்த பகுதிக்கு உண்டு என்பது அதன் நிலைப்பாடு. இந்தியச் சட்டத்தில் ஒரு விசித்திரமான வரி இருக்கிறது. 1994 திருத்தத்தில் சேர்ந்தது. கம்ப்யூட்டர் உருவாக்கிய படைப்புக்கு, அது உருவாகக் காரணமான நபரே ஆசிரியர் என்கிறது. அந்த 'நபர்' ப்ராம்ப்ட் தட்டியவரா, டூல் செய்தவரா? 1994-ல் யாரும் சூனோவை நினைத்து அதை எழுதவில்லை.

இதற்கிடையே மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு, 2025 டிசம்பரில் ஒரு யோசனையை முன்வைத்தது. ஏஐ நிறுவனங்கள் படைப்புகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், படைப்பாளிகளால் மறுக்க முடியாது, ஆனால் ராயல்டி கட்டாயம், ஒரே மைய அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் என்பது அதன் சுருக்கம். காசு வரும், 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை போகும். சங்கங்களில் பெயர் பதிவு செய்திருக்கும் பெரிய இசையமைப்பாளருக்கு இது ஒரு கணக்கு. கானா பாடி யூடியூபில் போடுகிறவருக்கு, அந்த மைய அமைப்பில் தன் பெயர் எப்படி வரும் என்பதே முதல் கேள்வி.

பணம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு எண். இசைப் படைப்பாளிகளின் வருமானத்தில் 24 சதவீதம் 2028-க்குள் ஆபத்தில் இருக்கும் என்று சர்வதேச படைப்பாளர் சங்கங்களின் கூட்டமைப்பான சிசாக் 2024 டிசம்பரில் கணித்தது. டீசர் தளத்துக்கு 2025 ஜனவரியில் ஒரு நாளைக்கு 10,000 முழு ஏஐ பாட்டுகள் வந்தன. நவம்பரில் அது 50,000. அந்தக் கூட்டத்தில் உங்கள் பாட்டு 50,001-வது.

தமிழ் வரிகளைக் கொடுத்தால்...

இதைப் பற்றி டூல் விற்பவர்கள் பேசவே மாட்டார்கள். தமிழ் வரிகளைக் கொடுத்துப் பாருங்கள். ழகரம் சில நேரம் லகரமாகும், ளகரம் எங்கே போனது என்று தெரியாது. குறில் நெடிலாகும். 'பழம்' என்பது 'பலம்' ஆனால் பாட்டின் அர்த்தமே மாறிவிடும். உச்சரிப்புக்காக வரியைத் தப்புத் தப்பாக எழுதிக் கொடுத்து ஏமாற்றும் வித்தையைப் பயனாளர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தமிழைச் சரியாகப் பேச வைக்கத் தமிழைத் தப்பாக எழுத வேண்டியிருக்கிறது!

தாளத்திலும் அப்படித்தான். 'பறை' என்று கேட்டால் ஏதோ ஒரு தோல் கருவிச் சத்தம் வரும். பறையில் சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி என்று ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. இணையத்தில் எது அதிகம் இருக்கிறதோ அதைத்தான் மெஷின் கற்கிறது. மண்ணூர்ப் பக்கத்துத் திருவிழாவில் அடிக்கும் அடி இணையத்தில் இல்லை என்றால், அது மெஷினுக்குத் தெரியாது. உள்ளூரில் இசை செய்கிறவருக்கு உண்மையில் இது ஒரு வாய்ப்பு. போனை எடுத்துக்கொண்டு போய், வாசிப்பவரிடம் கேட்டு, காசு கொடுத்துப் பதிவு செய்து, அதை வெட்டி லூப்பாக்கினால், உலகத்தில் எந்த டூலாலும் கொடுக்க முடியாத சவுண்ட் அது.

எலெக்ட்ரானிக் இசைக்கு இங்கே இது புதுசும் இல்லை. சரண்ஜித் சிங் என்ற மும்பை ஸ்டூடியோ கலைஞர் 1982-ல் ரோலண்ட் கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ பீட்டில் வாசித்து ஒரு ஆல்பம் போட்டார். அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்து 'ஆசிட் ஹவுஸ்' இசைக்கு முன்னோடி என்று வெளிநாட்டில் கொண்டாடினார்கள். அவர் வாங்கிய மெஷின் எல்லோரும் வாங்கக்கூடிய மெஷின்தான். அதற்குள் அவர் போட்ட ராகம் மட்டும் கடையில் கிடைக்காது. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரை இசைக்குக் கொண்டுவந்தபோதும், 1989-ல் கோடம்பாக்கத்தில் ரஹ்மான் தன் ஸ்டூடியோவைத் தொடங்கியபோதும் இதே கதைதான்.

ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கீபோர்டும் ரிதம் பேடும் வந்த பிறகு மெல்லிசைக் குழுக்களில் எத்தனை வயலின், எத்தனை தபேலா இறங்கிப் போனது என்பதைப் பழைய கச்சேரிக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். மெஷின் வந்தும் இசை சாகவில்லை என்பது சரி. வாசித்துப் பிழைத்தவர் எல்லோரும் பிழைத்தார்கள் என்பது சரியில்லை.

அப்போ எதை எடுப்பது?

வேலையைப் பொறுத்தது. ரிசப்ஷனில் ஒரு ராத்திரி ஒலிக்கும் ஜாலியான பாட்டுக்கு, மாப்பிள்ளை பெண் பெயரைப் போட்டு சூனோவில் ஒன்று செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் சந்தாக் கணக்கில் செய்திருக்க வேண்டும், ரசீது கையில் இருக்க வேண்டும். குறும்படம், விளம்பரம் போன்று அடுத்தவர் பணம் போடும் வேலைக்கு, முழுப் பாட்டு டூல்களைத் தள்ளி வைப்பதே புத்திசாலித்தனம். அங்கே எஃப்எல் ஸ்டூடியோ, பேண்ட்லேப் மாதிரியான ஒன்றில் நீங்களே பீட் போட்டு, ஸ்டெம் பிரிப்பது, இரைச்சல் நீக்குவது, மாஸ்டரிங் ஆகியவற்றுக்கு மட்டும் ஏஐ-யை வைத்துக்கொள்ளலாம். எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் பிறகு வரும் அப்டேட்களுக்குக் காசு கிடையாது. மாதம் 10 டாலர் சந்தாவை இரண்டு வருடம் கட்டுவதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரிய பாடகர் குரல் வேண்டவே வேண்டும் என்றால், அவரிடமோ குடும்பத்திடமோ எழுத்தில் அனுமதி இல்லாமல் வேண்டாம். ரஹ்மானே அதைச் செய்துவிட்டுத்தான் வெளியிட்டார்.

எந்த டூலாக இருந்தாலும் சரி, செய்த அன்றே ஃபைலை இறக்கி சொந்த மெமரி கார்டில் போட்டுவிடுங்கள். எந்தக் கணக்கில், எந்தத் தேதியில், எந்தத் திட்டத்தில் செய்தீர்கள் என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட், அன்றைய தேதியில் அந்த நிறுவனத்தின் விதிமுறைப் பக்கத்தின் பிடிஎஃப் ஒன்று. உங்கள் கையால் போட்ட பீட், பாடிய ட்ராக், எழுதிய வரி எல்லாம் இருக்கும் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். பாட்டு யாருடையது என்று யாராவது கேட்கும் நாளில், முடிந்த பாட்டின் எம்பி3-யைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம்.